துப்பாக்கி தொடாத தச்சர்: டெஸ்மண்ட் டாஸின் போரும் வீடும்

டெஸ்மண்ட் டாஸ், இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தொடாமலே காயம்பட்டவர்களைக் காப்பாற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவ உதவியாளர். அவர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒரு செங்குத்துப் பாறை, ஒரு கயிறு, 75 உயிர்கள். 2016-ல் ஹாலிவுட் படம் வந்த பிறகு நம் ஊரிலும் இந்தக் கதை நிறையப் பேருக்குத் தெரியும். படம் போர்க்களத்தோடு முடிந்துவிடுகிறது. அப்போது டாஸுக்கு வயது 26. அதற்குப் பிறகு அவர் ஏறத்தாழ 61 வருடம் வாழ்ந்தார். மருத்துவமனைப் படுக்கை, உழைக்க முடியாத உடம்பு, மனைவியின் சம்பளம், கொஞ்சம் நிலம் என்றுதான் அந்த வருடங்கள் போயின. போருக்கு முன் அவர் தச்சர். திரும்பி வந்ததும் தச்சு வேலைக்கே போவதாக இருந்தார். முடியவில்லை.

இந்த வாழ்க்கையை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். தன்னிடம் இருந்த மிக நல்ல மருத்துவ உதவியாளர் ஒருவரை ராணுவம் ஏன் வெளியே தள்ளப் பார்த்தது? பாறை மேல் நடந்ததில் எது உறுதி, எது மங்கல்? அந்த வீரத்துக்கான செலவை வீட்டில் யார் கட்டினார்கள்? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

லிஞ்ச்பர்க்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது லிஞ்ச்பர்க். 1930-களில் சுமார் 40,000 பேர் வாழ்ந்த ஊர். டாஸ் பிறந்தது அங்கேதான், 1919 பிப்ரவரி 7 அன்று. அப்பா வில்லியம் தாமஸ் டாஸ் தச்சர். அம்மா பெர்த்தா வீட்டைப் பார்த்துக்கொண்டே செருப்புத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். ஒரு அக்கா, ஒரு தம்பி. கூலி வந்தால் அடுப்பு எரியும் குடும்பம்.

அம்மா ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தார்கள். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள், அந்த நேரத்தில் பிழைப்புக்கான வேலை கிடையாது. ஆயுதம் ஏந்திப் போரிடுவதில்லை என்பதும் அந்தச் சபையின் பழைய நிலைப்பாடு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-லேயே அதை அரசிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே டாஸின் மறுப்பை ஒரு தனிமனிதனின் விசித்திரப் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் எண்பது வருடத்து மரபு இருந்தது.

வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அப்பா ஏலத்தில் எடுத்து வந்தது. பத்துக் கட்டளைகளும் அவற்றுக்கான சித்திரங்களும் அதில் இருந்தன. ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளைக்குப் பக்கத்தில் காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றுவிட்டு நிற்கும் காட்சி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு அண்ணனால் எப்படி இதைச் செய்ய முடிந்தது என்று யோசிப்பேன் என்று டாஸ் வயதான பிறகும் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சம்பவமும் உண்டு. குடிபோதையில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை மூண்டு அப்பா கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார். அம்மா குறுக்கே புகுந்து அதைப் பிடுங்கி, எங்கேயாவது ஒளித்து வை என்று மகன் கையில் கொடுத்தார். துப்பாக்கியை அதற்குப் பிறகு தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்ததாக டாஸ் சொன்னார். ஹாலிவுட் படத்தில் இதைக் கணவன் மனைவி சண்டையாக மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் எனக்குச் சரியாகப் படவில்லை. குடும்பத்துக்குள் ஒரு ஆண் இன்னொரு ஆணைக் கொல்லப் போனான், சுவரிலிருந்த படம் வீட்டுக்குள்ளேயே நடக்கப் பார்த்தது என்பதுதான் அந்தச் சிறுவனை உலுக்கியிருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பொருளாதாரப் பெருமந்தக் காலம். குடும்பத்துக்குக் கைகொடுக்க ஊரிலிருந்த மரவாடியில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனார். அங்கே அவர் செய்தது கப்பலுக்குள்ளே நடக்கும் மரவேலை. தச்சு வேலையில் இடது கையின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. வலக்கை தட்டும், அறுக்கும். உளியைச் சாய்த்துப் பிடிப்பது, பலகையை அழுத்தி நிறுத்துவது, இழைப்புளியின் முன்பக்கத்தை வழிநடத்துவது எல்லாம் இடக்கை. பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படும்.

போர்க்கால உற்பத்தியில் இருந்ததால் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது. வாங்கவில்லை. மற்றவர்கள் போகும்போது தான் மட்டும் ஊரில் இருக்க அவருக்கு மனசு வரவில்லை. 1942 ஏப்ரல் 1 அன்று ராணுவத்தில் சேர்ந்தார். அதே வருடம் ஆகஸ்ட் 17 அன்று டோரதி ஷுட்டைக் கல்யாணம் செய்துகொண்டார்.

சட்டம் சொன்னதும் முகாமில் நடந்ததும்

1940-ம் வருடத்துக் கட்டாயச் சேவைச் சட்டத்தில், மத நம்பிக்கையால் போரை எதிர்ப்பவர்களுக்கு இடம் இருந்தது. ஆயுதம் இல்லாத ராணுவப் பணி ஒரு வழி, ராணுவத்துக்கு வெளியே பொதுப்பணி இன்னொரு வழி. சுமார் 25,000 பேர் முதல் வழியிலும் 12,000 பேர் இரண்டாவது வழியிலும் போனார்கள். எதிலும் சேராமல் சுமார் 6,000 பேர் சிறைக்குப் போனார்கள். டாஸுக்குக் கிடைத்த வகைப்பாடு 1-ஏ-ஓ. சீருடை உண்டு, ஆயுதம் கிடையாது. ‘மறுப்பவர்’ என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. மனசாட்சியோடு ஒத்துழைக்க வந்தவன் நான் என்பார்.

காகிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் அவரைத் துப்பாக்கி ஏந்தும் காலாட்படை அணியில் போட்டுவிட்டார்கள். 77-வது காலாட்படைப் பிரிவு. சுதந்திர தேவி சிலையைச் சின்னமாகக் கொண்ட நியூயார்க் பிரிவு, மீண்டும் திரட்டப்பட்ட நேரம். மருத்துவப் பணிக்கு மாற்றுங்கள் என்று அவர் போராடித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பாராக்ஸில் ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபிப்பார். பூட்ஸ் பறந்து வரும். போர்க்களத்துக்குப் போனால் உன்னை நானே சுடுவேன் என்று ஒருவர் சொன்னார். சனிக்கிழமை இவன் மட்டும் ஓய்வெடுக்கிறான் என்ற எரிச்சல் வேறு. அதற்கு ஈடாக மற்ற நாள்களில் கூடுதல் வேலை செய்தாலும் அந்த எரிச்சல் தணியவில்லை. அதிகாரிகளும் விடவில்லை. துப்பாக்கியை எடு என்ற நேரடி உத்தரவை மீறினார் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். துப்பாக்கிப் பயிற்சியில் தேறாதவனுக்கு விடுமுறை கிடையாது என்றார்கள். கடைசியாக ‘செக்‌ஷன் 8’. மனநிலை பொருந்தாதவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பும் விதி அது. டாஸ் ஏற்கவில்லை. என் மதத்தால் எனக்குப் புத்தி சரியில்லை என்று எழுதிய காகிதத்தில் நானே கையெழுத்துப் போட்டால் நான் என்ன கிறிஸ்தவன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அந்த அதிகாரிகளை வில்லன்களாகப் பார்ப்பது எளிது. ஆனால் அவர்கள் தரப்பிலும் ஒரு பயம் இருந்தது. பக்கத்தில் இருப்பவன் தன்னைக் காப்பாற்றுவானா என்பதுதான் சிப்பாயின் அடிப்படைக் கேள்வி. பசிபிக் களத்தில் மருத்துவ உதவியாளர்களை எதிரி குறிவைத்துச் சுட்டதால் செஞ்சிலுவைச் சின்னத்தையே கழற்றிவிட்டு, பலர் ஆயுதத்தோடு போனார்கள். இந்தச் சூழலில் வெறுங்கையோடு வருகிறேன் என்பவனை நம்பத் தயங்கியது புரிகிறது. தவறு வேறு இடத்தில் நடந்தது. மருத்துவ உதவியாளரிடம் கேட்க வேண்டியது, குண்டு விழும்போது காயம்பட்டவனிடம் ஓடுவாயா என்பதை. அவர்கள் அதைக் கேட்கவே இல்லை. துப்பாக்கியை எடுப்பாயா என்பதையே இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஜாக் குளோவர் அவரை அணியிலிருந்து மாற்றிவிட முயன்றவர்களில் ஒருவர். பிற்காலத்தில் தன் உயிரையும் டாஸ்தான் காப்பாற்றினார் என்று அவரே கேமரா முன் சொன்னார்.

பயிற்சிக்காலச் சம்பவம் ஒன்றையும் விட முடியாது. மேற்கு வர்ஜீனியா மலைகளில் கயிற்றுப் பயிற்சி நடந்தது. பௌலைன் என்ற முடிச்சைப் போடச் சொன்னார்கள். கயிறு நீளமாக இருந்ததால் டாஸ் அதை இரண்டாக மடித்துப் போட்டார். ஒரு கண்ணிக்குப் பதில் இரண்டு கண்ணி வந்துவிட்டது. யாரும் சொல்லித்தராத முடிச்சு அது. கண்ணிக்கு ஒரு காலாக நுழைத்து, மிச்சக் கயிற்றை மார்பைச் சுற்றிக் கட்டினால் மயங்கியவரைக்கூடத் தொங்கவிட்டு இறக்கலாம். அதை அவர் மறக்கவில்லை.

மயேதா பாறை

1944-ல் பசிபிக் தீவுகளான குவாமிலும் லெய்ட்டேவிலும் அவர் வேலை பார்த்த விதமே அணியின் மனசை மாற்றிவிட்டது. துணிச்சலுக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் இரண்டு வாங்கினார். ஒகினாவாவுக்கு வரும்போது அவரைக் கேலி செய்ய ஆள் இல்லை.

ஒகினாவாவில் அமெரிக்கப் படை தரையிறங்கியது 1945 ஏப்ரல் 1 அன்று. தீவின் தென்பாதியில், இன்றைய உராசோயே நகரப் பகுதியில், மயேதா என்ற மலை முகடு குறுக்கே நின்றது. சுமார் 400 அடி உயரம். உச்சிக்குக் கீழே 30 முதல் 50 அடி வரை செங்குத்தான பாறைச் சுவர். ஜப்பானியப் படை முகட்டின் மறுபக்கச் சரிவிலும் உள்ளேயும் குகைகளும் சுரங்கங்களும் தோண்டி வைத்திருந்தது. பீரங்கி எவ்வளவு அடித்தாலும் அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். அடி நின்றதும் மேலே வருவார்கள். 96-வது பிரிவு அங்கே களைத்துப்போய், ஏப்ரல் கடைசியில் அதன் இடத்துக்கு டாஸின் 77-வது பிரிவு வந்தது. சரக்குக் கப்பலில் பயன்படும் கயிற்று வலைகளைப் பாறையில் தொங்கவிட்டு ஏறினார்கள்.

நடந்ததன் சுருக்கம் இது. மேலே ஏறிய அணி கடும் பதிலடியில் கீழே தள்ளப்பட்டது. காயம்பட்டவர்கள் மேலேயே கிடந்தார்கள். டாஸ் இறங்கவில்லை. ஒவ்வொருவராக விளிம்புக்கு இழுத்து வந்து, கயிற்றை ஒரு மரத்தின் அடிக்கட்டையில் சுற்றி, கீழே இறக்கினார். இன்னும் ஒருவரை எடுக்க உதவி செய், ஆண்டவரே என்பதையே ஒவ்வொரு முறையும் ஜெபித்ததாகச் சொன்னார்.

இனி ஆதாரங்களைப் பார்ப்போம். டாஸுக்குப் பின்னர் கிடைத்த, அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ பதக்கத்தோடு வந்த அதிகாரபூர்வக் குறிப்பு, சுமார் 75 பேர் காயம்பட்ட சம்பவத்தை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மே 2, மே 4, மே 5 நிகழ்வுகளைச் சொல்கிறது. குறிப்பின் வரிசைப்படி பார்த்தால் அது ஏப்ரல் கடைசியில் நடந்திருக்க வேண்டும். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கதையில் அது மே 5, சனிக்கிழமை, டாஸின் ஓய்வுநாள். அவர் ஜெபித்து முடிக்கும் வரை தாக்குதல் காத்திருந்தது என்றும், இயேசு ஓய்வுநாளிலும் குணமாக்கினார் என்று சொல்லி அவர் கிளம்பினார் என்றும் அந்தக் கதை போகிறது. 1945 மே 5 உண்மையிலேயே சனிக்கிழமைதான். இரண்டையும் வைத்துப் பார்த்தால், மூன்று வார இடைவிடாத சண்டையில் நாள்கள் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கின்றன என்றே தோன்றுகிறது. செயல் நடந்ததா என்பதில் சந்தேகமில்லை. எந்த நாள் என்பதில் ஆவணமும் நினைவும் ஒத்துப்போகவில்லை.

எண்ணிக்கையும் அப்படித்தான். மேலே போனவர்கள் 155 பேர், தானாக இறங்கியவர்கள் 55 பேர். ஆகவே 100 பேரை நீ காப்பாற்றினாய் என்றார்கள் அதிகாரிகள். அவ்வளவெல்லாம் இருக்காது, 50 இருக்கலாம் என்றார் டாஸ். நடுவில் 75 என்று முடிவானது. 75 பேரை 5 மணி நேரத்தில் இறக்கியிருந்தால் ஆளுக்கு 4 நிமிடம். சிலர் சொல்வதுபோல் 12 மணி நேரம் என்றால் ஆளுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தேடி, இழுத்து, முடிச்சுப் போட்டு, இறக்கி, கயிற்றை மேலே எடுத்து, மறுபடி போவது. கைவேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கின் பாரம் தெரியும். நான் டாஸ் சொன்ன 50-ஐயே அதிகம் நம்புகிறேன். அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர் அவர் மட்டும்தான். 50 என்பதாலும் எதுவும் குறைந்துவிடவில்லை.

கயிறு பற்றியும் ஒரு வேறுபாடு. அதிகாரபூர்வக் குறிப்பு, கயிற்றில் கட்டிய ஸ்ட்ரெச்சரில் இறக்கினார் என்கிறது. டாஸும் உடனிருந்தவர்களும் சொன்னது அந்த இரட்டைக் கண்ணி முடிச்சை. ஸ்ட்ரெச்சரில் ஆளை வைத்துக் கட்டி இறக்க நேரம் பிடிக்கும், முடிச்சு என்றால் சட்டென்று முடியும். வேகத்தை நினைத்தால் முடிச்சுதான் நம்பத் தகுந்தது.

ஒகினாவாவைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் போகக் கூடாது. அந்தப் போரில் 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் பல்லாயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்களும் செத்தார்கள். தீவின் சாதாரண மக்கள் மட்டும் லட்சத்தை ஒட்டி இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களைக் கயிறு கட்டி இறக்க ஆள் இருக்கவில்லை.

கை

மே 21 இரவு, ஷூரி அருகே நடந்த தாக்குதலில் மற்றவர்கள் பதுங்கியபோது டாஸ் திறந்தவெளியில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெறிகுண்டு வெடித்துக் கால்களில் 17 துண்டுகள் பாய்ந்தன. இன்னொரு மருத்துவ உதவியாளரை மறைவிடத்திலிருந்து வரச் சொல்லாமல் தன் காயத்துக்குத் தானே கட்டுப்போட்டு 5 மணி நேரம் காத்திருந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கிக்கொண்டு போகும் வழியில் மறுபடி தாக்குதல். பக்கத்தில் தன்னைவிட மோசமாகக் காயம்பட்ட ஒருவரைப் பார்த்ததும், ஸ்ட்ரெச்சரிலிருந்து உருண்டு இறங்கி, அவரை முதலில் தூக்குங்கள் என்றார். ஆள்கள் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தபோது ஒரு குண்டு இடது கையைத் துளைத்து எலும்பை நொறுக்கியது.

கையை அசையாமல் கட்ட நேரான கட்டை ஏதாவது வேண்டும். கிடைத்தது ஒரு துப்பாக்கியின் மரக்கட்டை. அதைக் கைக்கு அண்டக் கொடுத்துக் கட்டிக்கொண்டு 300 கெஜம் தவழ்ந்து சிகிச்சை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்று வருடம் தொட மறுத்த பொருள் அவர் கைக்கு வந்தது இப்படித்தான். அவருடைய தொழில் கையை விட்டுப் போனதும் அதே இரவில்.

அவர் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்த சிறிய பைபிள் களத்தில் விழுந்துவிட்டது. டோரதி கொடுத்தது. அதைத் தேடச் சொல்லித் தகவல் அனுப்பினார். முன்பு அவரைக் கேலி செய்த அதே அணி, சண்டை நடந்த இடத்தைத் துழாவி அதை எடுத்து அனுப்பி வைத்தது. அமெரிக்காவிலேயே பெரிய பதக்கத்தைவிட இது பெரிய அங்கீகாரம் என்று எனக்குப் படுகிறது.

1945 அக்டோபர் 12 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ட்ரூமன் ‘மெடல் ஆஃப் ஹானர்’ அணிவித்தார். மனசாட்சியின் பெயரால் ஆயுதம் மறுத்த ஒருவருக்கு அந்தப் பதக்கம் போனது அதுவே முதல் முறை.

ரைசிங் ஃபான்

இதற்குப் பின்னால்தான் படம் காட்டாத பகுதி.

1946-ல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. லெய்ட்டே காடுகளில் ஒட்டியது. அதே வருடம் அவர்களுடைய ஒரே மகன் பிறந்தான். அடுத்த ஐந்தரை வருடம் சிகிச்சையிலேயே போனது. ஒரு நுரையீரலையும் ஐந்து விலா எலும்புகளையும் எடுத்துவிட்டார்கள். 1951 ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பியபோது 90 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மகன் நடக்கப் பழகிய வயதும் பேசப் பழகிய வயதும் அப்பாவின் மருத்துவமனைக் காலத்துக்குள்ளேயே முடிந்துவிட்டன.

காலம் அவருக்குக் கொஞ்சம் முந்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை வந்தது 1952-ல். காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 1959-ல் வெளியான அதன் ஆய்வு. ஒரு பத்து வருடம் தள்ளி நோய் வந்திருந்தால் டாஸின் விலா எலும்புகள் மிஞ்சியிருக்கலாம்.

உளி பிடிக்க வேண்டிய இடது கை இப்போது உதவாது. மூச்சுக்கு ஒரு நுரையீரல்தான். தச்சு வேலைக்கு இரண்டும் முழுசாக வேண்டும். மரம் தூக்க, ரம்பம் இழுக்க, இழைக்க எல்லாவற்றுக்கும் மூச்சு வேண்டும். இளம் வயதிலிருந்து தெரிந்த ஒரே தொழில் முப்பத்திரண்டு வயதில் போய்விட்டது. பதக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பதக்கத்துக்கான சிறப்பு ஓய்வூதியம் அப்போது மாதம் 10 டாலர், அதுவும் 65 வயது கடந்தவர்களுக்கு. அதை 100 டாலராக உயர்த்தி வயதையும் 50-ஆகக் குறைத்தது 1961-ல். ஆக, குடும்பத்துக்குக் கிடைத்தது ஊனத்துக்கான ஈட்டுத்தொகைதான்.

மிச்சத்தைச் சுமந்தவர் டோரதி. படத்தில் அவரைத் தொடக்கத்திலேயே செவிலியாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அவர் செவிலியர் வேலைக்குப் போனது போருக்குப் பிறகு, கணவனால் சம்பாதிக்க முடியாமல் போனதால். இந்த ஒரு மாற்றத்தால் அவருடைய உழைப்பின் காரணமே திரையில் மறைந்துவிட்டது. கைக்குழந்தை, காசநோய் வார்டில் கணவன், சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் என்று ஒரு இளம்பெண் நின்ற இடத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒகினாவாவில் டாஸ் செய்தது மூன்று வாரம். டோரதி செய்தது நாற்பது வருடத்துக்கும் மேல். அதற்குப் பதக்கக் குறிப்பு எழுத யாரும் இல்லை. ஆகவே இந்த நிகழ்வை ஆராய்பவர்கள் டோரதியைத் துணைப் பாத்திரமாக வைத்தால் பாதி விஷயத்தை விட்டுவிடுவார்கள்.

குடும்பம் ஜார்ஜியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், லுக்அவுட் மலைப் பகுதியிலிருக்கும் ரைசிங் ஃபான் என்ற சின்ன ஊரில் குடியேறியது. கொஞ்சம் நிலம் இருந்தது. முடிந்த அளவு பயிர் செய்தார்கள். பள்ளிகளுக்கும் சபைக் கூட்டங்களுக்கும் போய்ப் பேசுவார் டாஸ். சினிமா எடுக்க அனுமதி கேட்டுப் பலர் வந்தும் பல வருடம் சம்மதிக்கவில்லை. தன் வாழ்க்கையைக் கவர்ச்சியாக மாற்றிவிடுவார்கள் என்று பயந்தார்.

1976-ல் இன்னொரு அடி. அளவுக்கு மீறிய ஆன்டிபயாடிக் மருந்தால் காது முழுசாகக் கேட்காமல் போனது. ஊனம் 100 சதவீதம் என்று திருத்தினார்கள். பன்னிரண்டு வருடம் மனைவியின் குரல்கூடக் கேட்காத வாழ்க்கை. 1988-ல் காக்ளியர் கருவி பொருத்திய பிறகு மறுபடி கேட்கத் தொடங்கியது.

கேட்கத் தொடங்கி மூன்றே வருடம். டோரதிக்கு மார்பகப் புற்றுநோய். 1991 நவம்பர் 17 அன்று அவரை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போகும் வழியில் விபத்து நடந்து டோரதி இறந்தார். கார் ஓட்டியவர் டாஸ். அத்தனை பேரைச் சுமந்து வந்து சேர்த்தவருக்கு இப்படி ஒரு நாள் வந்ததை எழுதும்போது கை தயங்குகிறது. இதற்கு விளக்கம் எதுவும் தேட நான் விரும்பவில்லை.

1993 ஜூலையில் பிரான்சஸ் டூமன் என்பவரை மணந்தார். கடைசிக் காலம் வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். 2006 மார்ச் 23 அன்று அலபாமாவின் பீட்மண்ட் ஊரில் டாஸ் இறந்தார். வயது 87. டென்னசியின் சட்டனூகா தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

டாஸுக்குப் பிறகு இன்னும் இரண்டு மனசாட்சி மறுப்பாளர்களுக்கு ‘மெடல் ஆஃப் ஹானர்’ கிடைத்தது. தாமஸ் பென்னட், ஜோசப் லாபாயின்ட். இருவரும் மருத்துவ உதவியாளர்கள். இருவரும் வியட்நாமில், 1969-ல், காயம்பட்டவர்களைக் காப்பாற்றப் போன இடத்தில் கொல்லப்பட்டார்கள். பதக்கத்தை அவர்களுடைய குடும்பங்கள் வாங்கின. மூவரில் உயிரோடு இருந்து அதை வாங்கியவர் லிஞ்ச்பர்க் தச்சர் ஒருவர்தான்.